நர்ஸம்மாவைத் திட்டிவிட்டு வந்துவிடாதீர்கள்

வாசகர் கேள்வி - பதில்

கிராம சுகாதார செவிலியராகவும், பிறகு பகுதி சுகாதார செவிலியராகவும் 33 வருடம் வேலை பார்த்தவள் நான். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: ஆரம்ப சுகாதார நிலையத்தில் நமக்கு நடந்ததற்கு யாரைப் போய்க் கேட்பது? எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். நாளைக்கே காய்ச்சல் வந்தால் அவர்கள் அதே நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: போன ஐப்பசியில் இரவு எட்டரை மணிக்கு மடை பார்க்கப் போன அப்பாவைப் பாம்பு கடித்துவிட்டது. அடித்துக் கொண்டுவந்து காட்டினோம், கண்ணாடி விரியன். ஒன்பது மணிக்கெல்லாம் பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தோம். அங்கே நர்ஸம்மா ஒருவர்தான். உள்ளே ஒரு பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். 'டாக்டர் இல்லை, ஊசியும் இல்லை, டவுனுக்குப் போங்கள்' என்று சொல்லி அனுப்பிவிட்டார். டவுன் போய்ச் சேர மணி பதினொன்று. அப்பா பிழைத்துவிட்டார், ஆனால் கிட்னி கெட்டு டயாலிசிஸ் வரை போனது. ஆறு மாதமாக வயலுக்குப் போகவில்லை. அந்த நர்ஸம்மா மேல் புகார் எழுதி வைத்திருக்கிறோம். யாருக்கு அனுப்புவது?

தம்பி, முதலில் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல். கண்ணாடி விரியன் கடித்து அவர் பிழைத்து வந்ததே பெரிது. அதன் விஷம் இரத்தத்தையும் சிறுநீரகத்தையும்தான் பிடிக்கும். அதனால் அந்த இரண்டு மணி நேரம் வீணானது சின்ன விஷயம் இல்லை. உன் கோபம் நியாயமானது.

ஆனால் எழுதி வைத்திருக்கும் புகாரை அனுப்பாதே. இன்னொரு தடவை எழுது.

காரணம் சொல்கிறேன். பாம்புக்கடி ஊசியை டாக்டர் உத்தரவு இல்லாமல் ஒரு செவிலியர் தானாக ஏற்ற முடியாது. ஏற்றும்போது சிலருக்கு ஒவ்வாமை வந்து மூச்சு அடைக்கும், இரத்த அழுத்தம் இறங்கும். அதைச் சமாளிக்க ஆள் வேண்டும். உள்ளே ஒருத்தி பிரசவ வலியில் கிடக்கும்போது அந்த ஒற்றைப் பெண் வெளியே வந்து உங்களிடம் பேசினாளே, அவள் செய்யக்கூடியது அவ்வளவுதான். 24 மணி நேர நிலையம் என்று போர்டு இருக்கும். அதன் அர்த்தம், மூன்று செவிலியர்கள் முறை போட்டு இரவும் பகலும் இருப்பார்கள், இரவில் கூப்பிட்டால் டாக்டர் வர வேண்டும் என்பது. அன்று இரவு கூப்பிட வேண்டிய டாக்டர் யார்? அவரைக் கூப்பிட்டார்களா? கூப்பிட்டும் வரவில்லையா, இல்லை அந்த இடமே காலியா? ஊசி இல்லை என்றால் எத்தனை நாளாக இல்லை? கேட்டு எழுதியும் வரவில்லையா, கேட்கவே இல்லையா? இவை ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆள் வேறு வேறு. நர்ஸம்மா மேல் மட்டும் புகார் போனால் அவளுக்கு ஒரு மெமோ கொடுப்பார்கள், அல்லது வேறு ஊருக்கு மாற்றுவார்கள். 'செவிலியர் சஸ்பெண்ட்' என்று பேப்பரில் வரும். நாமும் ஏதோ நடந்துவிட்டது என்று விட்டுவிடுவோம். அடுத்த ஐப்பசியில் அந்த நிலையத்து ஃபிரிட்ஜில் ஊசி இருக்காது.

மருந்து எப்படி வருகிறது என்று தெரிந்தால் எங்கே கேட்பது என்பதும் தெரியும். அரசு நிலையங்களுக்கு மருந்து வாங்கித் தர 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கினார்கள். அதற்கு மாவட்டங்களில் மருந்துக் கிடங்கு இருக்கிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் உண்டு, பேங்க் பாஸ்புக் மாதிரியே. வருடத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று கணக்கு வைத்து, எடுக்க எடுக்கக் கழிப்பார்கள். நிலையத்திலிருந்து இண்டென்ட், அதாவது மருந்து கேட்டு எழுதும் சீட்டு, போட வேண்டும், கிடங்கிலிருந்து மருந்து வரும், இருப்புப் பதிவேட்டில் ஏறும். எந்தத் தேதியில் எத்தனை குப்பி இருந்தது என்பது அந்தப் பதிவேட்டில் இருந்தே ஆக வேண்டும். விஷம் ஏறிய ஒருவருக்கு முதல் தடவையே எட்டிலிருந்து பத்துக் குப்பி வேண்டும். இரண்டு குப்பியை வைத்துக்கொண்டு 'இருப்பு உள்ளது' என்று எழுதியிருந்தாலும் அது இல்லாததற்குச் சமம்தான்.

(இதை எழுதும்போது மனசு பொறுக்கவில்லை. நாடு முழுக்கப் போகும் இந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியை மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில்தான் எடுக்கிறார்கள். 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் அது. நம் ஊர்க்காரர்கள் கையால் பிடித்த பாம்பின் விஷத்தில் செய்த மருந்து நம் ஊர் விவசாயிக்குக் கிடைக்கவில்லை.)

சரி, இப்போது என்ன செய்வது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுது. பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 'பொதுத் தகவல் அலுவலர், மாவட்ட சுகாதார அலுவலர் அலுவலகம்' என்று முகவரி போடு. பழைய ஆட்கள் நாங்கள் இன்னமும் டி.டி. (துணை இயக்குநர்) ஆபீஸ் என்றுதான் சொல்கிறோம். ஏன் எதற்கு என்று கேட்காதே, பதிவேட்டின் நகலைக் கேள். அந்த மாதத்தில் பாம்புக்கடி மருந்தின் இருப்புப் பதிவேட்டுப் பக்கம். அதற்கு முன்னால் கடைசியாகப் போட்ட இண்டென்ட். அந்தத் தேதி இரவுப் பணிக்கான டாக்டர் முறைப் பட்டியல். அந்த நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட டாக்டர் பணியிடம் எத்தனை, அதில் ஆள் இருப்பது எத்தனை, மாற்றுப் பணியில் வேறு இடம் போயிருப்பவர் எத்தனை பேர், அந்த மாற்றுப் பணி உத்தரவில் கையெழுத்துப் போட்டது யார். இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதே. காகிதத்தில் இரண்டு டாக்டர் இருப்பார்கள். ஒருவர் மாதக்கணக்கில் வேறு எங்கோ வேலை பார்ப்பார். கேட்டால் 'இடம் நிரப்பப்பட்டுள்ளது' என்று பதில் வரும்.

30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு, அதற்கும் சரியாக வராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். நியாயமான காரணம் இல்லாமல் தாமதம் செய்த அலுவலருக்கு நாளைக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் போடலாம். அரசாங்கப் பணத்தில் அதைக் கட்ட முடியாது. அவர் கைப்பணம்தான்.

இன்னொன்று. 2024 நவம்பரில் நம் அரசு பாம்புக்கடியை, கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 1939-ஆம் வருடத்துப் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்த உத்தரவு அது. அதற்குப் பிறகு நடந்த கடி என்றால், உங்கள் அப்பாவின் பெயர் அந்தக் கணக்கில் ஏறியதா என்று கேளுங்கள். டவுன் ஆஸ்பத்திரி ஏற்றியிருக்கலாம். முதலில் பார்த்த நிலையம் ஏற்றியதா? அங்கே ஓ.பி. சீட்டோ ரெஃபர் சீட்டோ கொடுத்தார்களா? வாயால் சொல்லி அனுப்பியிருந்தால், அப்பா அங்கே வந்ததற்கே அத்தாட்சி இல்லை. அப்படி இருந்தால் அதைப் புகாரின் முதல் வரியில் எழுது.

கேள்வி: தாலுகா ஆஸ்பத்திரியில் நடந்த அலட்சியத்தைப் பற்றி மாவட்ட சுகாதார அலுவலருக்கு மூன்று மாதம் முன்னால் பதிவுத் தபாலில் புகார் அனுப்பினேன். பதிலே இல்லை.

அது அவருடைய ஆஸ்பத்திரி இல்லை ஐயா. துணை சுகாதார நிலையமும் ஆரம்ப சுகாதார நிலையமும் பொது சுகாதாரத் துறை. தாலுகா ஆஸ்பத்திரி, மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் துறை. அதற்கு மாவட்டத்தில் இணை இயக்குநர் இருக்கிறார். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் டீன். 'ஊரக' என்று பெயரிலேயே இருப்பதால் கிராமத்து நிலையமும் அங்கேதான் சேரும் என்று நினைத்துக்கொண்டு படித்தவர்களே தவறான வாசலில் நிற்கிறார்கள். தகவல் உரிமை மனு இடம் மாறிப் போனால் ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சாதாரணப் புகாரை அப்படி அனுப்பாமல் வைத்துவிட்டது அவர்கள் தப்புதான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுத்து, மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நிதி இல்லை, ஆள் இல்லை என்று பதில் வந்தால் அதோடு நின்றுவிடாதீர்கள். 1992-ல் மேற்கு வங்கத்தில் ஹக்கீம் ஷேக் என்ற விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். மதுராபூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை என்றார்கள். அந்த இரவு முழுக்கக் கல்கத்தாவில் ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியாகச் சுற்றினார்கள். கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஏறக்குறைய 17,000 ரூபாய் செலவு. 1996-ல் உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சை தராதது உயிர் வாழும் உரிமையை மீறுவது, பணம் இல்லை என்று அரசு கை விரிக்க முடியாது என்று சொல்லி 25,000 ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. அந்த வழக்கில் விசாரணைக் குழு சொன்ன யோசனைகளில், கொடுத்த சிகிச்சையைப் பதிவு செய்து பத்திரமாக வைக்க வேண்டும் என்பதும் ஒன்று. நான் எப்போதும் பதிவேடு பதிவேடு என்று சொல்வது அதனால்தான்.

கேள்வி: என் தங்கை பிரசவம் முடிந்து மூன்றாம் மணி நேரத்தில் இரத்தப்போக்கால் இறந்துவிட்டாள். குழந்தை என்னிடம் இருக்கிறது. கலெக்டர் நடத்தும் கூட்டத்துக்கு வீட்டிலிருந்து இரண்டு பேர் வர வேண்டும் என்று கிராம நர்ஸ் வந்து சொன்னார். எங்கள் மேல் பழி போடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று என் கணவர் போக வேண்டாம் என்கிறார். போகலாமா?

போங்கள் அம்மா. கட்டாயம் போங்கள்.

தாய்மார் இறப்பு ஒவ்வொன்றையும் ஆய்வு செய்ய வேண்டும் என்பது விதி. இறந்த 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். பிறகு ஒரு குழு வீட்டுக்கு வந்து விசாரித்து எழுத வேண்டும். மாவட்ட அளவில் டாக்டர்கள் பார்ப்பார்கள். அப்புறம் கலெக்டர் முன்னால் வைப்பார்கள். அங்கே வீட்டாரையும் கேட்க வேண்டும் என்று 2010-ல் வந்த மத்திய அரசு வழிகாட்டியிலேயே இருக்கிறது. 2018-20 கணக்குப்படி லட்சம் குழந்தை பிறந்தால் நாடு முழுக்க 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54 பேர். அந்த எண்ணிக்கை இறங்கியதற்கு இந்த விசாரணைகளும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். நானே வீடு வீடாகப் போய் எழுதியிருக்கிறேன். பால் கட்டிய மார்போடு செத்துப்போன பெண்ணின் அம்மாவிடம் 'வலி எத்தனை மணிக்கு வந்தது' என்று கேட்பது போல ஒரு கொடுமை கிடையாது. ஆனால் அந்த மணிக்கணக்குதான் பேசும்.

மூன்று தாமதம் என்று பார்ப்பார்கள். வீட்டில் முடிவெடுக்க ஆன தாமதம், வண்டி கிடைத்துப் போய்ச் சேர ஆன தாமதம், போய்ச் சேர்ந்த இடத்தில் சிகிச்சை கிடைக்க ஆன தாமதம். உங்கள் கணவர் பயப்படுவது முதலாவதைப் பற்றி. என் அனுபவத்தில் அதிகாரிகள் அதைத்தான் முதலில் கையில் எடுப்பார்கள், ஏனென்றால் அதில் அவர்களுக்குச் சங்கடம் இல்லை. நீங்கள் போகாவிட்டால் அது மட்டும்தான் கோப்பில் நிற்கும்.

இன்று இரவே உட்கார்ந்து நேரங்களை எழுதுங்கள். வலி வந்தது, 108-க்குப் போன் செய்தது, வண்டி வந்தது, உள்ளே சேர்த்தது, குழந்தை பிறந்தது, இரத்தம் நிற்கவில்லை என்று முதலில் யாரிடம் சொன்னீர்கள், டாக்டர் எப்போது வந்து பார்த்தார், இரத்தம் ஏற்றினார்களா, எத்தனை மணிக்கு. 108-க்குப் பேசிய நேரம் உங்கள் செல்போனிலேயே இருக்கும், அழிந்துவிடாமல் படம் பிடித்து வையுங்கள். தாய் சேய் நல அட்டையை எடுத்துப் போங்கள். அதில் இரத்த அளவு (ஹீமோகுளோபின்) எத்தனை என்று கடைசி மாதத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஏழு, எட்டு என்று குறைவாக இருந்தால், அதற்கு என்ன செய்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏமாந்து போகாதீர்கள். அந்தக் கூட்டம் தண்டனை கொடுக்கும் இடம் இல்லை. யார் தப்பு என்பதைவிட எது தப்பு என்று பார்ப்பதற்காக வைத்தது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. வேலை போய்விடும் என்று பயந்தால் எந்த நர்ஸும் நடந்ததை நடந்தபடி சொல்ல மாட்டாள். ஆனால் ஒரே வட்டாரத்தில், ஒரே காரணத்தால், மூன்றாவது தாய் இறந்தால்? முதல் கூட்டத்தில் 'சரி செய்யப்படும்' என்று எழுதியவர்தானே அதற்குப் பதில் சொல்ல வேண்டும்? அதனால் நீங்கள் அங்கே கேட்க வேண்டியது, 'இதே மாதிரி இதற்கு முன்னால் இங்கே நடந்திருக்கிறதா? அப்போது என்ன செய்வதாகச் சொன்னீர்கள்?' என்பதுதான். குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: மகப்பேறு உதவித்தொகை வருவதற்கு கிராம நர்ஸ் ஆயிரம் ரூபாய் கேட்கிறார். கொடுக்காவிட்டால் பெயரை ஏற்ற மாட்டாரோ என்று பயமாக இருக்கிறது.

கொடுக்காதே கண்ணு. அது உன் பணம். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். 14,000 ரொக்கம், 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். ரொக்கம் நேராக உன் வங்கிக் கணக்குக்கு வரும். கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் கொடுக்கும் உன் பிக்மி எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள். எண் வந்துவிட்டால் பெயர் ஏறிவிட்டது என்று அர்த்தம். பணம் தாமதமானால் ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பார். வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கொடு, 104 சுகாதார உதவி எண்ணுக்குப் போன் செய்து சொல். மறுபடி கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. நான் பார்த்த அதே வேலையைப் பார்க்கும் ஒருத்தி வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் கை நீட்டுகிறாள் என்று படிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கேள்வி: மலைக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. என்னோடு இருக்க வேண்டிய இன்னொரு டாக்டர் ஆரம்பத்திலிருந்தே மாற்றுப் பணியில் இருக்கிறார். பகல் ஓ.பி., முகாம், மீட்டிங், இரவு அழைப்பு எல்லாம் நான் ஒருத்திதான். ஒரு நாள் மீட்டிங் போயிருந்தபோது 'டாக்டர் இல்லை' என்று கதவை உடைக்கப் பார்த்தார்கள். மக்கள் கேட்பதும் நியாயம்தான். நான் என்ன செய்ய?

டாக்டர், உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கதவை உடைப்பதைத் தடுக்க 2008-ஆம் வருடத்துச் சட்டம் இருக்கிறது, அது உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது வேறு.

1993-ல் எனக்கு ஒரு துணை சுகாதார நிலையம். மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. பக்கத்து நிலையத்தில் ஆள் இல்லாததால் அதையும் கூடுதல் பொறுப்பாக என் தலையில் வைத்தார்கள். பதினான்கு மாதம் அப்படியே ஓடியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆறு. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போனால் அன்றைக்குத் திரும்ப முடியாது. ஒரு கார்த்திகை மாதம் அந்தப் பக்கத்துக் குடிசை ஒன்றில் வீட்டிலேயே பிரசவம் நடந்து குழந்தை இறந்துவிட்டது. ஏழு மாதத்தில் நான்தான் அந்தப் பெண்ணைப் பதிவு செய்தேன். அதற்குப் பிறகு ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். எனக்கு 17-ஏ சார்ஜ் மெமோ வந்தது. கடமை தவறியதாக. இன்கிரிமென்ட் போகும் என்றார்கள்.

அந்தப் பதினான்கு மாதத்தில் 'இரண்டையும் என்னால் பார்க்க முடியவில்லை, இன்னின்ன ஊரில் இத்தனை கர்ப்பிணிகள் விடுபடுகிறார்கள்' என்று மூன்று கடிதம் எழுதியிருந்தேன். கார்பன் தாள் வைத்து எழுதியதால் நகல் என்னிடம் இருந்தது. இரண்டில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் இருந்தன. விசாரணையில் அவற்றை மேஜை மேல் வைத்தேன். விசாரித்த அதிகாரி கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. மெமோ கைவிடப்பட்டது. இரண்டு மாதத்தில் அந்த நிலையத்துக்கு ஆள் போட்டார்கள். போட முடியாது என்று பதினான்கு மாதம் சொன்ன அதே இடத்துக்கு. அந்தக் கடிதங்கள் போன மேஜைக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நான் ஓய்வு பெறும் வரை போய்க்கொண்டிருந்தேன். பிறகு அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டு பேருக்கும் என் கையால்தான் தடுப்பூசி.

நீங்களும் எழுதுங்கள். 'சிரமமாக உள்ளது' என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். இன்ன தேதியில் நான் மீட்டிங்கில் இருந்தபோது இத்தனை நோயாளிகள் திரும்பிப் போனார்கள், இன்ன இரவில் இரண்டு அவசரம் ஒரே நேரத்தில் வந்தது என்று எழுதி, வட்டார மருத்துவ அலுவலருக்கு அனுப்பி, நகல் ஒன்றை மாவட்ட அலுவலகத்துக்கும் போடுங்கள். நோயாளர் நலச் சங்கக் கூட்டத்தில் ஊராட்சித் தலைவர் முன்னால் இதை வாசித்து நடவடிக்கைப் புத்தகத்தில் ஏற்றுங்கள். அடுத்த கிராம சபையில் அந்த மாற்றுப் பணியை ரத்து செய்யச் சொல்லித் தீர்மானம் போட அவரிடமே கேளுங்கள். கதவை உடைக்க வந்தவர்களே கை தூக்குவார்கள். நிலையத்து வாசலில் ஒரு போர்டில் அனுமதிக்கப்பட்ட டாக்டர் 2, இருப்பது 1, இன்று டாக்டர் எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று தினமும் எழுத வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் தேதி போட மறந்திருக்கிறீர்கள் டாக்டர். அவர்களுக்கு எழுதும்போது மறக்காதீர்கள்.